காற்றை எடைபோடும் கதிர்

கையோ காலோ முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரே படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. எலும்பு வெள்ளையாகவும் சதை சாம்பலாகவும் சுற்றுவெளி கறுப்பாகவும் தெரியும். அது எலும்பின் நிழல். குழாயிலிருந்து கிளம்பிய கதிர்களில் பெரும்பகுதியைச் சதை போகவிட்டது; எலும்பிலுள்ள கால்சியம் தடுத்துக்கொண்டது. எவ்வளவு தடுக்கப்பட்டது என்று பார்த்தால் இடையில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பருமனான உடம்பு என்றால் படம் எடுப்பவர் கருவியின் மின்னழுத்தத்தைக் கூட்டுவார். ஆற்றல் மிகுந்த கதிர்தான் தடித்த பகுதியைத் துளைத்து மறுபக்கம் வரும்.

இந்த நிழல் கணக்கை வானியலாளர்கள் வேறோர் உடம்பின் மேல் போட்டுப் பார்க்கிறார்கள். நம் பால்வெளியில் மிக அரிதாகக் காணப்படும் பெருநிறை விண்மீன்கள், தம் உடலையே காற்றாக ஊதித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காற்றின் எடை என்ன? அதைச் சொல்லத் தெரிந்தால், அந்த விண்மீன் எப்படி முடியும் என்பதையும் பெருமளவு சொல்லலாம்.

ஆனால் ஒரு புதிர் நிற்கிறது. மருத்துவமனையில் கதிர் தருவதற்கு ஒரு குழாய் இருக்கிறது. வானத்தில் அந்தக் குழாய் எது?

ஒரு பொருளின் வெப்பத்துக்கும் அது தரும் ஒளிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதன் ஒளியில் பெரும்பங்கு நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி. 40,000 டிகிரி மேற்பரப்பு கொண்ட நீல விண்மீன் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைக் கொட்டுகிறது. எக்ஸ் கதிர் வேண்டுமானால் பத்து லட்சம் டிகிரியாவது தேவை. எந்தச் சாதாரண விண்மீனின் மேற்பரப்பும் அந்தச் சூட்டில் பாதியைக்கூட எட்டுவதில்லை. சூரியனிடமிருந்து கொஞ்சம் எக்ஸ் கதிர் வருவது உண்மைதான். அதன் வெளி அடுக்குகள் ஓயாமல் கொதித்துப் புரள்வதால் காந்தப்புலம் பிறக்கிறது. அந்தப் புலம் மேலே உள்ள மெல்லிய வாயுவைச் சூடாக்குகிறது. பெருநிறை விண்மீன்களின் வெளி அடுக்குகளிலோ அப்படிப்பட்ட கொதிப்பு இல்லை. ஆகவே அவற்றிடம் எக்ஸ் கதிரைப் பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை.

குறைவாகப் பிறந்து விரைவாக இறப்பவை

முதலில் இந்த விண்மீன்களை அறிந்துகொள்வோம். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்டவற்றைப் பெருநிறை விண்மீன்கள் என்கிறோம். இவற்றில் மிகப் பெரியவை நூறு சூரிய நிறையையும் தாண்டுகின்றன. வாயு மேகங்கள் சுருங்கி விண்மீன்கள் உருவாகும்போது, சிறியவை ஏராளமாகவும் பெரியவை மிகக் குறைவாகவும் பிறக்கின்றன. பிறந்தவையும் நெடுநாள் இருப்பதில்லை. நிறை கூடக்கூட ஒளி அதைவிடப் பன்மடங்கு வேகமாகக் கூடுகிறது. எரிபொருள் அதிகம் இருந்தும் செலவு அதைவிட அதிகம். சூரியனின் ஆயுள் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள். நூறு சூரிய நிறை கொண்ட விண்மீன் சுமார் 30 லட்சம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். குறைவாகப் பிறப்பதும் விரைவாக இறப்பதும் சேர்ந்துதான் அவற்றை அரியவை ஆக்குகின்றன.

இவற்றுள்ளும் அரியவை வுல்ஃப்-ரயே விண்மீன்கள். 1867-இல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்ல் வுல்ஃப், ஜார்ஜ் ரயே என்ற இருவர் அன்னப்பறவை விண்மீன் குழுவில் இவ்வகையில் மூன்றைக் கண்டார்கள். வெளி அடுக்கான ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இழந்து, உள்ளே சமைந்த ஹீலியமும் நைட்ரஜனும் கார்பனும் வெளியே தெரிய நிற்பவை இவை. பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் கொண்ட நம் பால்வெளியில் இதுவரை அறியப்பட்ட வுல்ஃப்-ரயே விண்மீன்கள் சில நூறு மட்டுமே.

எண்ணிக்கை குறைவானாலும் இவற்றின் பங்கு பெரிது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனின் பெரும்பங்கு இத்தகைய விண்மீன்களின் வயிற்றில் உருவானது. இவை வெடித்தும் ஊதியும் கொடுத்த பொருள் கலந்த வாயுவிலிருந்துதான் சூரியனும் பூமியும் உருவாயின.

ஒளி தள்ளும் காற்று

ஒளிக்கு எடையில்லை, ஆனால் தள்ளும் விசை உண்டு. நம் மேல் விழும் வெயிலின் தள்ளலை நாம் உணர்வதில்லை. லட்சக்கணக்கான சூரியன்களின் ஒளி ஒரே விண்மீனிலிருந்து வரும்போது கதை வேறு.

அந்த ஒளி எல்லா அணுக்களையும் ஒரே மாதிரித் தள்ளுவதில்லை. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், இரும்பு போன்ற தனிமங்களின் அணுக்கள் சில குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் விழுங்கும். விழுங்கும் ஒவ்வொரு முறையும் வெளிப்புறமாக ஒரு தள்ளல் கிடைக்கும். தள்ளப்பட்ட அணு, சுற்றியுள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். வேகம் கூடும்போது, டாப்ளர் விளைவால், அதே அணு சற்றே வேறு அலைநீளத்தை விழுங்கத் தொடங்கும். அந்த அலைநீளத்து ஒளியைக் கீழே உள்ள அணுக்கள் தொட்டிருக்காது. புதிய ஒளி, புதிய தள்ளல். இப்படியே வேகம் ஏறி நொடிக்கு 2,000, 3,000 கிலோமீட்டர் என்று போகிறது. இதை விண்மீன் காற்று என்கிறோம். காஸ்டர், அபட், கிளைன் என்ற மூவர் 1975-இல் இதற்கான கோட்பாட்டை வகுத்தார்கள். இன்றைக்கும் அதுதான் அடித்தளம்.

சூரியனுக்கும் காற்று உண்டு. ஆனால் பெருநிறை விண்மீன்களின் காற்று, சூரியக் காற்றைப் போல் பல கோடி மடங்கு பொருளைச் சுமந்து செல்கிறது.

புதிருக்கான விடை இந்தத் தள்ளலின் இயல்பிலேயே இருக்கிறது. காற்றின் ஒரு சிறு பகுதி தன் அக்கம்பக்கத்தைவிடச் சற்றே வேகமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மற்றவை தொடாத புதிய ஒளி கூடுதலாகக் கிடைக்கும். அதனால் மேலும் வேகம், மேலும் ஒளி. விரைவில் அது முன்னே மெதுவாகப் போகும் வாயுவை ஓடிச் சென்று முட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேக வேறுபாட்டில் நேரும் இந்த முட்டலுக்கு அதிர்ச்சி அலை என்று பெயர். வேகம் சட்டென்று குறைய, முட்டலின் ஆற்றல் வெப்பமாகிறது. வாயு பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடேறி எக்ஸ் கதிரை உமிழ்கிறது. லியான் லூசி, ரிச்சர்ட் வைட் இருவரும் 1980-இல் இந்த விளக்கத்தை வைத்தார்கள். நாம் தேடிய குழாய் இதுதான்: விண்மீனின் மேற்பரப்புக்கு வெளியே, காற்றுக்குள்ளேயே சிதறிக் கிடக்கும் எண்ணற்ற மோதல்கள்.

கறையா, விண்மீனா?

இந்த விளக்கத்தைத் தேட வைத்தது ஒரு தற்செயல். பூமியின் வளிமண்டலம் வானத்து எக்ஸ் கதிர்களை அறவே தடுத்துவிடும். பார்க்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். போனாலும் வழக்கமான ஆடி உதவாது. நேரே விழும் எக்ஸ் கதிர் ஆடிக்குள் புதைந்துபோகும். ஆடியின் பரப்பை உரசியபடி மிகச் சாய்வாக வந்தால் மட்டுமே திரும்பும். அதனால் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் பீப்பாய் வடிவில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். தொலைவான வான்பொருள்களை இப்படிக் குவித்துப் படமெடுத்த முதல் பெரிய தொலைநோக்கி, 1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் விண்கலம்.

அடுத்த மாதம், கருவியைச் சரிபார்ப்பதற்காக அன்னப்பறவைக் குழுவில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-3 என்ற பிரகாசமான எக்ஸ் கதிர் மூலத்தின் பக்கம் அதைத் திருப்பினார்கள். படத்தில் எதிர்பார்த்த மூலம் இருந்தது. பக்கத்தில் எதிர்பாராத சில புள்ளிகளும் இருந்தன. கருவியில் ஏதோ கறை என்றுதான் முதலில் ஐயப்பட்டார்கள். சில நாள் கழித்து நோக்குத் திசையைச் சற்று மாற்றி மீண்டும் படம் எடுத்தார்கள். கறையாக இருந்தால் கருவியில் அதே இடத்தில் நின்றிருக்க வேண்டும். புள்ளிகளோ வானத்தில் அதே இடத்தில் நின்றன. அந்த இடங்களில் இருந்தவை, சிக்னஸ் ஓபி-2 என்ற கூட்டத்தைச் சேர்ந்த பெருநிறை விண்மீன்கள். இவை எக்ஸ் கதிர் தருகின்றன என்பது இப்படித்தான் உறுதியானது.

அவை தரும் அளவு சொற்பம். விண்மீனின் மொத்த ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குதான் எக்ஸ் கதிர். ஆனால் அந்தச் சொற்பத்தில்தான் காற்றின் கணக்கு எழுதியிருக்கிறது.

கோட்டின் சாய்வில் ஓர் எடை

1999 ஜூலை 23 அன்று சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் விண்ணுக்குச் சென்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின்னர் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. பொருத்தமான பெயர். பெருநிறை விண்மீனின் மையத்தில் திரளும் இரும்புக் கரு தன் எடையைத் தாங்க முடியாமல் எப்போது சரியும் என்பதை முடிவு செய்வது, அவர் இளம்வயதில் கண்டறிந்த நிறை வரம்புதான்.

சந்திராவில் நிறமாலை பிரிக்கும் நுண்ணிய கருவி உண்டு. எக்ஸ் கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்தால், ஆக்சிஜன், நியான், மெக்னீசியம், சிலிக்கான், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் தனித்தனியே எழுந்து நிற்கும். ஒரே ஒரு கோட்டை எடுத்துக்கொள்வோம். விண்மீனைச் சுற்றி எல்லாத் திசையிலும் காற்று வீசுகிறது. நம் பக்கம் வீசும் பாதி நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி குறுகிய அலைநீளத்துக்கு நகரும். மறுபக்கப் பாதி நம்மைவிட்டு விலகுவதால் அதன் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகரும். எனவே கோடு இரு பக்கமும் விரிந்து அகலமாகத் தெரியும்.

இங்கேதான் நிழல் கணக்கு வருகிறது. மறுபக்கத்தில் பிறந்த எக்ஸ் கதிர் நம்மிடம் வர வேண்டுமானால் இடையில் உள்ள காற்று முழுவதையும் கடக்க வேண்டும். வழியில் பலவும் தடுக்கப்படும். இந்தப் பக்கத்தில் பிறந்தவற்றுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே கோட்டின் நீண்ட அலைநீளப் பக்கம் தேய்ந்து, கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். காற்று எவ்வளவு தடித்ததோ அவ்வளவு சாய்வு. சாய்வை அளந்தால் காற்றின் எடை கிடைத்துவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜீட்டா பப்பிஸ். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முன்னிரவில் தெற்கு வானத்தைப் பார்த்தால், சிரியசுக்கும் அகத்தியர் விண்மீனுக்கும் கிழக்கே வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும். சந்திரா பிரித்துக் காட்டிய அதன் கோடுகள் சாய்ந்திருந்தன. ஆனால் பழைய அளவீடுகளின்படி எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவு சாயவில்லை. 2010-இல் வெளியான ஆய்வு அதன் காற்று இழப்பை ஆண்டுக்கு ஒரு சூரிய நிறையின் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு என்று கணித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பூமியின் எடை! வியப்பான அளவுதான், ஆனாலும் பழைய மதிப்பில் பாதிக்கும் குறைவு.

பழைய கணக்கு எங்கே பிசகியது? முன்பெல்லாம் காற்றின் எடையை, ஹைட்ரஜன் தரும் சிவப்பு ஒளியையும் வானொலி அலைகளையும் வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த ஒளி பிறப்பதற்கு ஓர் எலக்ட்ரானும் ஓர் அயனியும் சந்திக்க வேண்டும். நெரிசல் இரு மடங்கானால் சந்திப்புகள் நான்கு மடங்காகும். காற்று சீராக இல்லாமல் திரள் திரளாக வீசினால், உள்ள பொருளைவிட அதிகம் இருப்பதாக அந்த ஒளி பொய்க்கணக்குக் காட்டிவிடும். எக்ஸ் கதிரைத் தடுக்க ஓர் அணுவே போதும். யாரையும் சந்திக்கத் தேவையில்லை. திரள்கள் மிகவும் தடித்துப்போகாத வரை, வழியில் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனைக்குத் தக்க நிழல் விழும். எக்ஸ் கதிரின் பெரும்பலம் இந்த நேர்மையான எண்ணிக்கைதான்.

இரண்டு வழிகளில் ஒரே பொருளை அளந்து, விடைகள் முரண்பட்டபோது, அந்த முரணே காற்று திரள்திரளாக வீசுகிறது என்பதற்கும் சான்றாக அமைந்தது. அறிவியலில் பொருந்தாத விடைகள் இப்படித்தான் பயன் தருகின்றன.

ஒன்றாகத் தெரிந்த இரண்டு

தனி விண்மீனின் காற்றே இவ்வளவு சொல்கிறது என்றால், இரண்டு பெருநிறை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றினால்? இரண்டு காற்றுகளும் நேருக்கு நேர் மோதும். அப்போது வரும் எக்ஸ் கதிர் மிக வலிமையானது. இதற்கு ஈட்டா கரினேவை மிஞ்சிய சான்று நம் பால்வெளியில் இல்லை.

அகத்தியர் இருக்கும் கரினா விண்மீன் குழுவிலேயே அதுவும் இருக்கிறது; தொலைவு சுமார் 7,500 ஒளியாண்டுகள். 1837 டிசம்பரில், நன்னம்பிக்கை முனையில் இருந்த ஜான் ஹெர்ஷல், அது திடீரென்று ஒளி கூடியிருப்பதைக் கண்டார். 1843-இல் அது அகத்தியரையும் விஞ்சி, இரவு வானில் சிரியசுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. பிறகு மங்கி, வெறுங்கண்ணுக்கே தெரியாமல் போனது. அந்த வெடிப்பில் குறைந்தது பத்து சூரியன்களின் நிறையுள்ள பொருள் வெளியே தூக்கி எறியப்பட்டு, இன்று இரட்டைக் குமிழி வடிவத் தூசு மேகமாக அதைச் சூழ்ந்திருக்கிறது. இப்போது அது மீண்டும் ஓரளவு ஒளி கூடியிருக்கிறது. ஏப்ரல் முன்னிரவில் கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால், தெற்கே அடிவானத்துக்கு மேல் 22 டிகிரி உயரம் வரை ஏறும் மங்கலான புள்ளி அது.

தூசு மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்பது நெடுநாள் புதிர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு மறைத்தும் சிதறடித்தும் குழப்பிவிடுகிறது. 1996-இல் பிரேசில் வானியலாளர் அகுஸ்டோ டாமினெலி, அதன் நிறமாலையில் சில கோடுகள் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை மங்குவதைப் பழைய பதிவுகளையும் சேர்த்துக் கண்டுபிடித்தார். அடுத்த மங்கல் 1997 கடைசியிலும் 1998 தொடக்கத்திலும் வரும் என்று முன்கூட்டியே சொன்னார். ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடப்பது எதுவோ, அது ஒரு துணை விண்மீனின் சுற்றாக இருக்கலாம். ஆனால் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

1995 கடைசியில் ஏவப்பட்டிருந்த ரோஸ்ஸி எக்ஸ் கதிர் விண்கலத்தைக் கொண்டு மைக்கேல் கோர்க்கரனும் அவர் குழுவினரும் 1996 பிப்ரவரி முதல் ஈட்டா கரினேவைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். எக்ஸ் கதிர் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. 1997 டிசம்பரில், டாமினெலி சொன்ன காலத்தில், சில வாரங்களுக்குள் செங்குத்தாக விழுந்து ஏறக்குறைய இல்லாமலே போனது. சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டது. சொன்ன நாளில் ஒன்று அணைகிறது என்றால், அதன் காரணம் பற்றிய கருத்துக்கு அதைவிடப் பெரிய வலு எது?

அணைந்ததை மட்டும் கொண்டு ஆராய்ச்சியாளர்கள் நிற்கவில்லை. எரிந்துகொண்டிருந்த காலத்து எக்ஸ் கதிர்களின் வெப்பத்தையும் பார்த்தார்கள்: சுமார் ஐந்து கோடி டிகிரி. மோதலில் பிறக்கும் வெப்பம், மோதும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பெரிய விண்மீனின் காற்றோ நொடிக்கு 420 கிலோமீட்டர்தான். அதனால் இருபது, முப்பது லட்சம் டிகிரியைத்தான் எட்ட முடியும். ஆக, நொடிக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இன்னொரு காற்று அங்கே இருந்தாக வேண்டும். சந்திரா எடுத்த நிறமாலையை வைத்து 2002-இல் இந்த வேகத்தைக் கணித்தார்கள். பெரிய விண்மீனின் பிரகாசத்தில் அமிழ்ந்து கிடக்கும் ஒரு துணை விண்மீனின் காற்று வேகத்தை, அந்த விண்மீனையே பார்க்காமல் அளந்துவிட்டார்கள்!

இன்று நமக்குத் தெரிந்தது இது. சுமார் நூறு சூரிய நிறை கொண்ட ஒன்றும், முப்பது முதல் ஐம்பது சூரிய நிறை கொண்ட இன்னொன்றும், மிகவும் நசுங்கிய நீள்வட்டத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 5.54 ஆண்டு. விலகியிருக்கும்போது இடைவெளி, சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ள தொலைவு. நெருங்கும்போது சூரியனுக்கும் செவ்வாய்க்கும் உள்ள தொலைவுதான். பெரியதன் காற்று மெதுவானது, ஆனால் அடர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 300 பூமிகளின் எடை, அதாவது ஏறத்தாழ ஒரு வியாழன் அளவுப் பொருளை அது இழக்கிறது. சிறியதன் காற்று வேகமானது, மெல்லியது. இரண்டும் முட்டும் இடத்தில் ஒரு கூம்பு வடிவ மோதல் பரப்பு உருவாகி, சிறிய விண்மீனைச் சுற்றி வளைந்திருக்கிறது. 2016-இல் வெளியான, சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த அகச்சிவப்புப் படங்கள் இந்த மோதல் பகுதியை நேரடியாகக் காட்டின.

சுற்றின் பெரும்பகுதியில் கூம்பின் திறந்த பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது; மெல்லிய காற்றின் ஊடாக எக்ஸ் கதிர் தடையின்றி வருகிறது. நெருங்கும் காலத்தில் சிறியது பெரியதற்குப் பின்னால் போகிறது. அடர்ந்த காற்று குறுக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் மங்கலுக்குக் காரணம் வெறும் மறைப்புதானா? இதற்கு விடை சொல்ல உதவியது எக்ஸ்ரே படம் எடுப்பவரின் அனுபவப் பாடமேதான். கதிரின் ஆற்றல் இரட்டிப்பானால் தடுப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். ஆகவே மறைப்பு மட்டுமே காரணமென்றால், மென்மையான கதிர்கள் மறைந்தாலும் ஆற்றல் மிகுந்தவை துளைத்து வந்திருக்க வேண்டும். மங்கலின்போது அவையும் பெருமளவு வீழ்ந்தன. ஆக, கதிர் பிறக்கும் இடமே ஒடுங்கிப்போகிறது. மிக நெருங்கும்போது பெரியதன் காற்றும் கதிர்வீச்சும் சிறியதன் காற்றை அமுக்க, மோதல் பரப்பு தன் வலிமையை இழக்கிறது. மறைப்பும் ஒடுக்கமும் சேர்ந்தே அந்த மாதங்களை இருட்டாக்குகின்றன.

இந்த மங்கல் எல்லா முறையும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இன்னும் சுவையானது. 1997-98-லும் 2003-லும் நடந்தவை ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. 2009-இல் எக்ஸ் கதிர் எதிர்பார்த்ததற்குச் சுமார் ஒரு மாதம் முன்பே திரும்பிவிட்டது. 2020 பிப்ரவரியில் விண்வெளி நிலையத்திலிருந்து நைசர் கருவி பார்த்தபோதும் மீட்சி விரைவாகவே இருந்தது. பெரிய விண்மீனின் காற்று மெலிந்து வருகிறதா என்பது பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. 1840-களின் வெடிப்பிலிருந்து அது இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவோரும் உண்டு.

2018-இல் நூஸ்டார் விண்கலத்தின் முடிவுகள் இன்னொன்றையும் சேர்த்தன. சூட்டினால் மட்டும் பிறக்க முடியாத அளவு ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்கள் ஈட்டா கரினேவிலிருந்து வருகின்றன; சுற்றுக்கேற்ப அவையும் கூடிக் குறைகின்றன. அந்த மோதல் பரப்பு, துகள்களை ஒளியின் வேகத்துக்கு அருகில் முடுக்கிவிடும் இடமாகவும் இருக்கிறது என்பதே இதன் பொருள். பூமியின் மேல் ஓயாமல் விழும் அண்டக் கதிர்களில் ஒரு சிறு பங்கு இத்தகைய இடங்களிலிருந்தும் வரக்கூடும்.

எக்ஸ் கதிரே காட்டிக்கொடுத்த இணை

ஈட்டா கரினேவின் இரட்டைத்தன்மையை முதலில் சொன்னது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும். எக்ஸ் கதிர் உறுதி செய்தது. மெல்னிக் 34-இன் கதை தலைகீழ். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய மெகல்லன் மேகத்தின் டாரன்டுலா வாயுமேகத்தில் இருக்கும் விண்மீன் அது. சந்திரா அந்தப் பகுதியை மொத்தம் 20 லட்சம் நொடிகள், பல தவணைகளில், நோக்கியது. அதில் மெல்னிக் 34-இன் எக்ஸ் கதிர் 155 நாளுக்கு ஒருமுறை எழுந்து விழுவது தெரியவந்தது. அந்தக் கால அளவை வைத்துக்கொண்டு தரையிலிருந்து நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வந்த விடை: ஒன்று சுமார் 139 சூரிய நிறை, மற்றது சுமார் 127. அறியப்பட்ட இரட்டைகளில் மிகக் கனமானவற்றுள் இதுவும் ஒன்று.

விண்மீனின் நிறையை நம்பகமாகச் சொல்ல, அது இன்னொன்றைச் சுற்றும் இயக்கத்தைப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. அத்தகைய இணைகளைக் கூட்டத்துக்குள் தேடிப் பிடிக்க எக்ஸ் கதிர் கைகொடுக்கிறது.

ஏன் இந்தக் கணக்கு வேண்டும்?

சூரியன் போன்ற விண்மீனின் தலைவிதி பிறக்கும்போதே அதன் நிறையில் எழுதப்பட்டுவிடுகிறது. பெருநிறை விண்மீனுக்கு அப்படியில்லை. எவ்வளவோடு பிறந்தது என்பதோடு எவ்வளவு இழந்தது என்பதும் சேர்ந்தே அதன் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு ஒரு பூமியா, மூன்று பூமியா என்ற வேறுபாடு லட்சக்கணக்கான ஆண்டுகளில் பல சூரிய நிறைகளாகப் பெருகும். ஹைட்ரஜன் போர்வையோடு வெடிக்குமா, அதைக் கழற்றிவிட்டு வெடிக்குமா, நியூட்ரான் விண்மீனை விட்டுச்செல்லுமா, கருந்துளையையா என்பதெல்லாம் அந்தக் கூட்டலில் இருக்கிறது.

2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாகப் பதிவான ஈர்ப்பலை, சுமார் 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்ததால் எழுந்தது. விண்மீன் காற்று பழைய கணக்குப்படி பலமாக வீசினால் இவ்வளவு கனமான கருந்துளைகள் மிஞ்சுவது கடினம். காற்று மெலிதாக இருந்திருக்க வேண்டும். கார்பனும் இரும்பும் குறைந்த வாயுவில் பிறந்த விண்மீன்களில் ஒளிக்குப் பிடிமானம் குறைவு, காற்றும் மெலியும். எனவே இத்தகைய கருந்துளைகளின் வரலாற்றை எழுத, வெவ்வேறு சூழல்களில் விண்மீன் காற்று எவ்வளவு என்று அளந்தே ஆக வேண்டும்.

அதற்கான கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து ஏவப்பட்ட கிரிசம் விண்கலத்தில், வெப்பநிலையின் கீழெல்லையான தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரியின் இருபதில் ஒரு பங்கில் குளிர்வித்து வைத்த உணரி இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் வந்து விழும்போது ஏற்படும் மிகச் சிறிய வெப்ப உயர்வை அளந்து, அதன் ஆற்றலைச் சொல்கிறது. மோதும் காற்றின் வேகத்தை இரும்பின் கோடுகளிலிருந்தே நேராக வாசிக்க இது வழிசெய்கிறது.

கருவியைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. சூரியனை ஒத்தவை ஏராளம். ஒன்றில் விளங்காததை ஆயிரம் விண்மீன்களைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். நம் பால்வெளியில் ஈட்டா கரினே போன்றது ஒன்றுதான். எண்ணிக்கையில் கிடைக்காததை நாம் காலத்தைக் கொடுத்துத்தான் ஈடுகட்ட முடியும். ரோஸ்ஸி விண்கலம் 2012 தொடக்கம் வரை பதினாறு ஆண்டு ஒரே விண்மீனைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் மூன்று மங்கல்களை ஒப்பிட முடிந்தது. மூன்றாவது வேறுபடுகிறது என்று தெரிந்தது. ஒருமுறை படமெடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் அதில் எதுவுமே நமக்குக் கிடைத்திருக்காது. புதிய கலங்களுக்குப் பணம் ஒதுக்குவோர், பார்த்ததையே மீண்டும் பார்க்கும் இந்தப் பொறுமைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அரியவற்றை அறிவதற்கு வேறு குறுக்குவழி இல்லை.